ஓய்வுகாலச் சேமிப்பும் ஜகாத்தும்

சேந்தமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து அரசுப் பணியேற்கும் நம் பிள்ளைகள், முதல் சம்பளத்திலேயே ஓய்வுகாலப் பிடித்தத்தைக் கண்டு, "இது வட்டியாகுமா? ஜகாத் உண்டா?" என வினவுகின்றனர். தமிழ்நாட்டில் 1-4-2003 முதல் பணியேற்றோருக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்து, அரசும் அதே அளவு சேர்க்க விதித்தது.

கட்டாயப் பிடித்தம் ஊழியரின் கைக்கு வராத கூலி. அதன்மீது சேர்வது வட்டியல்ல. கைக்கு வருமுன் ஜகாத்தும் இல்லை. சேமநிதி பற்றி முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அளித்த ஹனஃபி ஃபத்வா இது. இத்திட்டத்திற்கும் அது பொருந்துமென நாம் கருதுகிறோம். விரும்பிக் கூட்டிக் கட்டுவதைத் தவிர்ப்பதே பேணுதல். கைவசமுள்ள சேமிப்போ நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், 2½ விழுக்காடு ஜகாத் கடமை.

சேமிப்பது தவக்குலுக்கு முரணன்று. வாரிசுகள் பிறரிடம் கையேந்தலாகாதென்றே, ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வஸிய்யத்தை நபி (ஸல்) அவர்கள் மூன்றிலொன்றோடு நிறுத்தினார்கள். இளமையிலேயே, ஹலாலான வழியில் சேமிப்போமாக!