எலக்ட்ரான் சொல்லும் சேதி!

வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் நம்ம டி.என்.ஏ.வைத் தாக்குது. ஆனாலும் அது பெரும்பாலும் தப்பிச்சிடுது. எப்படி?

டி.என்.ஏ.வில் உள்ள அடினின் மூலக்கூறு மீது ஒரு லேசர் துடிப்பைச் செலுத்துவார்கள். அது கிளர்ச்சியடையும். சில ஃபெம்டோ வினாடி கழித்து இரண்டாம் துடிப்பு. இப்போ எலக்ட்ரான் வெளியே பாயும்! (ஒரு வினாடியை 1000 லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஃபெம்டோ வினாடி.)

1905-இல் ஐன்ஸ்டீன் சொன்ன கணக்குதான்:

ஒளித்துகளின் ஆற்றல் – எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் = பிணைப்பு ஆற்றல்

இடைவெளியை மாற்றி மாற்றி அளந்தால், மூலக்கூறு மாறுவது படம் படமாகத் தெரியும்.

விடை: வாங்கிய ஆற்றலை அடினின் சுமார் 1 பிகோ வினாடியில் (1000 ஃபெம்டோ) அதிர்வாக மாற்றிவிடுகிறது, அது வெப்பமாகிறது. கெடுவதற்கு நேரமே இல்லை!

ஆனால் எல்லாமே தப்பிக்காது. அதனால உச்சி வெயில்ல ஆடாதீங்க!