கணையச் சுரப்பும் கலைச்சொல்லும்: ‘நாளமில்லாச் சுரப்பி’ என்னும் வழக்கு குறித்து

முன்னுரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில் உள்ளது சூணாம்பேடு. அதனைச் சூழ்ந்த 42 சிற்றூர்களில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, செயற்கைக்கோள் தொடர்புடைய மருத்துவ ஊர்தியைக் கொண்டு நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடத்தியது. இத்தகைய களங்களில் தமிழில் விளக்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு: இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க இயலாது? இதற்கான விடை கணையத்தின் இருவகைச் சுரப்பில் அடங்கியுள்ளது. அவ்வேறுபாட்டைத் தமிழ்க் கலைச்சொற்கள் தெளிவுறச் சுட்டுகின்றனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைச் சுரப்பு

கணையம், நொதிகள் செறிந்த கணைய நீரை நாளத்தின் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இன்சுலின், குளுக்ககான் ஆகியவற்றை லாங்கர்ஹான்ஸ் திட்டுகளிலிருந்து நேரே குருதியில் விடுகிறது. இவ்விரண்டையும் இயக்குநீர்கள் நெறிப்படுத்துகின்றன. இரைப்பை அமிலம் முன்சிறுகுடலை அடைந்ததும் அங்குச் சுரக்கும் செக்ரிட்டின், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் மிகுந்த நீரைக் கணையத்திலிருந்து வெளிவரச் செய்கிறது. கொழுப்பும் புரதச் சிதைவுகளும் வந்தடையும்போது கோலிசிஸ்டோகைனின் நொதிச் சுரப்பைத் தூண்டுகிறது. இன்சுலின் சுரப்புக்கு முதற்காரணம் குருதிக் குளுக்கோஸின் உயர்வு. எனினும் குடலில் தோன்றும் ஜி.எல்.பி.-1, ஜி.ஐ.பி. ஆகிய இயக்குநீர்கள் அச்சுரப்பைப் பெருக்குகின்றன. ஆகவே சிரைவழி ஏற்றிய குளுக்கோஸைவிட, வாய்வழி உட்கொண்ட குளுக்கோஸ் மிகுதியான இன்சுலினைத் தோற்றுவிக்கிறது. சொமட்டோஸ்டேட்டின் இருவகைச் சுரப்பையும் குறைக்கிறது.

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் இரைப்பை நொதியும் கணைய நொதியும் அதனைச் சிதைத்துவிடும். ஓர் உறுப்பின் ஒரு சுரப்பே மற்றதை அழிக்க வல்லது; செல்வழி வேறாதலின் இரண்டும் தத்தம் தொழிலைச் செய்கின்றன.

கலைச்சொல் நோக்கு

1902இல் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் செக்ரிட்டினைக் கண்டறிந்தனர். 1905இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்னும் பெயரை வழங்கினார். எனவே இக்கருத்தாக்கம் கணைய ஆய்வோடு உடன்பிறந்தது எனலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நாளமில்லாச் சுரப்பி’ என வழங்குவது இலங்கைத் தமிழில் ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’ எனப்படுகிறது. முன்னது நாளம் இன்மையால் பெற்ற பெயர். பின்னது சுரப்புச் செல்லும் திசையால் பெற்ற பெயர். நாளமுடைய கணையத்தை ‘நாளமில்லாச் சுரப்பி’ என்பது மாணவர்க்கு முரணாகத் தோன்றும். மேலும் ‘கணைய நீர்’, ‘இயக்குநீர்’ ஆகிய இரண்டும் ‘நீர்’ என முடிவதால், ஒன்று குடலையும் மற்றொன்று குருதியையும் சேர்வது புலப்படுவதில்லை.

முடிவுரை

உறுப்புக்கு அன்றி, சுரத்தல் என்னும் தொழிலுக்கே ‘அகச்சுரப்பு’, ‘புறச்சுரப்பு’ எனப் பெயரிடின் இம்முரண் நீங்கும். “இன்சுலின் அகச்சுரப்பு; குருதிக்கு உரியது; குடலுக்குச் சென்றால் செரித்துவிடும்” என ஊசியைத் தயங்கி ஏற்கும் ஒருவர்க்கு அவர்தம் மொழியிலேயே விளக்க இயலும். கலைச்சொல்லாக்கத்தின் பயன் அத்தெளிவே ஆகும்.