முதிர்ந்த கலையைத் தேடிச் செல்லும் மருமகனுக்கு

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.

அன்பின் மருமகனுக்கு,

வில்பத்துக் காட்டுக்குச் சென்று முதிர்ந்த கலை ஒன்றைத் தேடிக் கண்டு, அதனைக் கமராவில் பதிவு செய்ய வேண்டும் என்று மருமகன் கொண்டிருக்கும் விருப்பம் பாராட்டுக்குரியது. அவ்விருப்பம் நிறைவேறுவதற்கு வேண்டிய அறிவு சிலவற்றைத் தொகுத்துத் தருவதே இக்கடிதத்தின் நோக்கமாகும். கலை என்பது கொம்புடைய ஆண் மானைக் குறிக்கும். முதிர்ந்த கலை என்பது பல கோடைகளையும் பல மாரிகளையும் கடந்து, சிறுத்தையின் பாய்ச்சலுக்கும் மனிதரின் கண்ணிக்கும் துவக்குக்கும் தப்பி, உடல் முழு வளர்ச்சி பெற்று நிற்கும் விலங்காகும். அது உயிரோடிருப்பதற்குக் காரணம் அதன் பலம் மட்டுமன்று, ஆபத்து எத்திசையிலிருந்து வருகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து விலகிக்கொள்ளும் பழக்கமுமாகும். ஆகையால் அதனைக் காண விரும்புகிறவர் அதன் பின்னே ஓடுவதை விடுத்து, அது எதனைக் கண்டு விலகுகிறது என்பதை முதலிற் கற்க வேண்டும். காட்டைக் குறைவாகக் குழப்புகிறவரே காட்டில் கூடுதலாகக் காண்கிறார் என்பதே இக்கடிதம் முழுவதற்கும் அடிப்படையான கருத்து.

சட்டத்தின் நிலையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் காட்டு விலங்குகளைக் காத்து வருகின்றன. மானையோ மரையையோ கொல்வதும் அவற்றின் இறைச்சியை விற்பதும் இன்று குற்றங்களாகும். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1850களில் வேட்டை நாய்களை ஏவி மலைக்காடுகளில் மரைகளைத் துரத்திக் கொன்ற காலம் கடந்துவிட்டது. வன்னியிலே பரண் கட்டி, மோட்டை எனப்படும் சிறு நீர்நிலையின் கரையில் மானை எதிர்பார்த்திருந்த காலமும் கடந்துவிட்டது. எனினும் அக்கால வேட்டைக்காரர் தேர்ந்திருந்த அறிவு, அதாவது காற்றையும் நீரையும் தடத்தையும் வாசிக்கும் திறன், கொலைக்கு மட்டுமே உரிய திறன் அன்று. துவக்கு இருந்த இடத்தில் கமராவை வைத்தால், அதே அறிவு முழுமையாகவும் குற்றமின்றியும் பயன்படும்.

இத்துறையில் ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டைக்காரரிடமிருந்து கற்றுக்கொள்ளத்தக்கவை பல உண்டு. அந்நாட்டில் கட்டுப்பாடற்ற வணிக வேட்டையினால் 1900ஆம் ஆண்டளவில் ஐந்து இலட்சத்துக்கும் குறைவாகத் தேய்ந்துபோன வெள்ளைவால் மான், சட்டத்தினாலும் பராமரிப்பினாலும் மீண்டு, இன்று சுமார் மூன்று கோடியாகப் பெருகியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இலங்கையின் கட்டளைச் சட்டம் பிறந்த அதே 1937இல் அங்கு இயற்றப்பட்ட பிற்மன்–றொபேட்சன் சட்டம், துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கே ஒதுக்கியது. அங்கு வேட்டை அனுமதிப்பத்திரத்துடனும் பருவ வரையறையுடனும் நடைபெறுகிறது. தென் மாநிலங்களின் அடர்ந்த காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் முதிர்ந்த கலையைத் தேடுகிறவர்கள் தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த அனுபவம் என்னவெனில், அத்தகைய கலை சதுப்பின் நடுவே நீர் சூழ்ந்து மேடாக நிற்கும் சிறு திடலில் படுக்கும், பின்னிருந்து வரும் காற்றை மூக்கினாலும் முன்னுள்ள வெளியைக் கண்ணினாலும் காவல் காக்கும், மனிதர் ஒருமுறை புகுந்து மணம் விட்டுச் சென்ற இடத்தைப் பல நாள் தவிர்க்கும் என்பதாகும்.

வில்பத்து அவ்வகை நிலத்துக்கு நெருங்கிய உறவுடையது. 1938இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டு, சுமார் 1,300 சதுர கிலோமீற்றர் பரப்புக்கு விரிந்திருக்கும் இக்காடு, போர்க் காலத்தில் நெடுங்காலம் மூடப்பட்டு, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் சிறப்பு வில்லுகளாகும். வில்லு என்பது மணற்பாங்கான தாழ்நிலத்தில் மழைநீர் தேங்கி இயற்கையாக அமைந்த ஏரி, அதனைச் சுற்றி முதலில் புல்வெளியும் அதன் பின்னால் பாலையும் வீரையும் முதிரையும் நிறைந்த உலர்வலயக் காடும் வட்டமாக அமைந்திருக்கும். மாரியில் எங்கும் நீர் கிடைப்பதால் விலங்குகள் சிதறிவிடுகின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் சிறு மோட்டைகள் வற்றிப்போக, எஞ்சிய வில்லுகளின் கரைக்கே அவை வந்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே தேடுதலுக்கு உகந்த காலம் கோடையின் பிற்பகுதி என்பதையும், நீருக்கும் அடர்காட்டுக்கும் இடைப்பட்ட புல்வெளி விளிம்பே கண் வைக்க வேண்டிய இடம் என்பதையும் மருமகன் மனத்திற் கொள்ள வேண்டும்.

அங்கு காணக்கூடிய பெரிய மானினங்கள் இரண்டு. புள்ளிமான் கூட்டமாக மேயும். பகலிலும் வெளியில் நிற்கும். மந்திகள் மரத்தின் மேலிருந்து உதிர்க்கும் இலையையும் பழத்தையும் உண்பதற்காக அவற்றின் கீழே திரளும். மரை உருவத்திற் பெரியது. முழு வளர்ச்சி பெற்ற கலை 200 கிலோவையும் தாண்டக்கூடும். அது பெரும்பாலும் தனித்துத் திரிந்து, பகலை அடர்ந்த பற்றைக்குள் கழித்து, பொழுது சாயும் வேளையிலும் விடியற் கருக்கலிலும் நீர்க்கரைக்கு வரும். புள்ளிமானைக் காண்பது எளிது, முதிர்ந்த மரைக்கலையைக் காண்பதே அரிது. இக்கடிதம் சொல்லும் வழிமுறைகள் இரண்டுக்கும் பொருந்துமெனினும், பொறுமை முழுவதையும் கேட்பது மரையே ஆகும்.

முதிர்ச்சியைக் கொம்பின் கிளைகளை எண்ணி அளப்பது புதியவர் அனைவரும் செய்யும் பிழை. புள்ளிமானுக்கும் மரைக்கும் முழு வளர்ச்சியில் ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக மூன்று முனைகளே இருக்கும். ஆகையால் நடுவயதுக் கலையும் முதிய கலையும் எண்ணிக்கையில் வேறுபடமாட்டா. மேலும் மானின் கொம்பு மாட்டின் கொம்பைப் போல நிலையானதன்று. அது எலும்பினால் ஆனது, விழுந்து மீண்டும் முளைப்பது, முளைக்கும் காலத்தில் இரத்த ஓட்டமுள்ள மென்தோலால் மூடப்பட்டிருப்பது. குளிர்நாட்டு வெள்ளைவால் மானுக்குக் கொம்பு விழும் காலமும் முளைக்கும் காலமும் ஆண்டில் ஓரளவு வரையறுக்கப்பட்டவை. இலங்கைப் புள்ளிமானுக்கு அவ்வாறான ஒரே காலம் இல்லாமையால், ஒரே வில்லுக் கரையில் முற்றிய கொம்புடைய கலையும் தோல் மூடிய கொம்புடைய கலையும் கொம்பு விழுத்திய கலையும் ஒன்றாக நிற்கக் காணலாம். எனவே உடலைப் பார்த்தே வயதை மதிப்பிட வேண்டும்: கழுத்து தடித்து மார்புடன் ஒன்றாகத் தோன்றுதல், முன்னுடல் பின்னுடலினும் கனத்திருத்தல், வயிற்றுக் கோடு தாழ்ந்திருத்தல், கொம்பின் அடி பருத்துச் சொரசொரப்பாயிருத்தல், புள்ளிமானாயின் தோல் நிறம் கருமை ஏறியிருத்தல், மரையாயின் கழுத்தில் அடர்ந்த முரட்டு மயிர் தொங்குதல் ஆகியவை முதிர்ச்சியின் அடையாளங்களாகும்.

இனிக் காற்றைப் பற்றிக் கூற வேண்டும்; இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. மானின் கண் அசைவை விரைவாகப் பிடிக்குமாயினும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அது மனிதக் கண்ணினும் குறைந்தது. செவியை ஏமாற்றுவதும் ஓரளவு இயலும். மூக்கை ஏமாற்றுவது இயலாது. மனித மணம் காற்றோடு சென்று சேர்ந்த கணத்திலேயே முதிர்ந்த கலை, தலையைக்கூட வெளியே நீட்டாமல், பற்றைக்குள்ளிருந்தபடியே திரும்பிச் சென்றுவிடும்; காத்திருப்பவர் அது வந்ததையும் அறியார், போனதையும் அறியார். சோளகம் எப்போது எழும், வாடை எப்போது விழும், கொண்டலும் கச்சானும் எத்திசையினின்று வரும் என்பவற்றைக் கடற்றொழிலாளரிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்த தீவகத்துப் பிள்ளைக்கு இப்பாடத்தின் பாதி முன்னரே தெரியும். கோடையில் வில்பத்தின் மேல் வீசுவதும் பெரும்பாலும் சோளகக் காற்றே. ஆயின் அக்காட்டின் மேற்கு எல்லை கடலாக இருப்பதால், பகலிற் கடற்காற்று உள்நோக்கியும் இரவிலும் விடியலிலும் தரைக்காற்று வெளிநோக்கியும் நகர்வதுண்டு. வில்லுகளின் தாழ்நிலத்தில் குளிர்ந்த காற்று விடியற்காலையிற் கீழே படிந்து, வெயில் ஏறியதும் மேலெழும்பித் திசை மாறுவதுமுண்டு.

இந்நுண்மையான அசைவுகளை அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எருக்கங்காய் முற்றி வெடிக்கும்போது அதனுள்ளிருந்து வெளிப்படும் பட்டுப் போன்ற பஞ்சை, விதை நீக்கி ஒரு சிறு டப்பாவில் அடைத்து வைத்து, ஓர் இழையை விரலிடையே எடுத்து மெல்ல விட்டால், அது பத்து மீற்றர் தூரம் நேராகச் சென்று, பின்னர் மரநிழலை அடைந்ததும் தாழ்ந்து, பற்றையின் ஓரத்தில் சுழன்று, எதிர்பாராத பக்கம் திரும்புவதைக் கண்ணாற் காணலாம். மனித மணமும் அதே வழியில்தான் செல்லும். அமெரிக்க வேட்டைக்காரர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் பஞ்சை இதே தேவைக்காகச் சட்டைப் பையில் வைத்திருக்கின்றனர். இறுப்பிட்டியின் வேலியோரங்களில் கேட்பாரற்று நிற்கும் எருக்கஞ்செடி இவ்வகையில் ஓர் ஆசிரியராகும். மருமகன் புறப்படுவதற்கு முன் அதன் பஞ்சைச் சேகரித்து, வீட்டு முற்றத்திலும் கடற்கரையிலும் காலை, நண்பகல், மாலை என மூவேளையும் விட்டுப் பார்த்துப் பழகுதல் வேண்டும்.

அடுத்தது தடம் அறிதல். தேசிய பூங்காவினுள் வாகனத்தை விட்டு இறங்குதற்கு அனுமதி இல்லையாதலால், பாதையோர மணலிலும் வில்லுக் கரைச் சேற்றிலும் தெரிபவற்றை ஜீப்பில் இருந்தவாறே வாசிக்கப் பழக வேண்டும். குளம்புத் தடத்தின் விளிம்பு கூர்மையாகவும் உட்பக்கம் ஈரமாகவும் இருப்பின் அது புதியது. விளிம்பு உதிர்ந்து, மேல் இலையோ எறும்பின் வழியோ விழுந்திருப்பின் பழையது. மரத்தின் பட்டை மார்பளவு உயரத்தில் உரிந்து, பால் வடிந்து ஈரம் காயாதிருப்பின், கலையொன்று கொம்பை உரசிச் சென்று அதிக நேரமாகவில்லை. சேற்றுக் குழியில் புரண்ட அடையாளம் மரையினுடையதாக இருக்கலாம். மந்தியின் எச்சரிக்கைக் குரலும் புள்ளிமானின் கீச்சொலியும் மரையின் உரத்த ஒற்றை முழக்கமும் சிறுத்தையின் நடமாட்டத்தைப் பெரும்பாலும் அறிவிப்பவை. அக்குரல் கேட்ட திசையில் எல்லா மான்களின் காதுகளும் திரும்பியிருக்கும், அவ்வேளையில் அவற்றின் கவனம் வாகனத்தில் இராது.

காத்திருத்தலின் முறையும் கற்கத்தக்கதே. ஒரே நாளில் எல்லா வில்லுகளையும் சுற்றி வருகிறவர் பல மான்களின் முதுகைக் காண்பார். ஒரு வில்லைத் தேர்ந்து, காற்று விலங்கின் பக்கமிருந்து வாகனத்தின் பக்கம் வீசும்படி இடம் பிடித்து, இயந்திரத்தை நிறுத்தி, பேச்சையும் கதவுச் சத்தத்தையும் தொலைபேசி ஒலியையும் அடக்கி, இரண்டு மணித்தியாலம் இருப்பவர் முதிர்ந்த கலையின் முகத்தைக் காணக்கூடும். சாரதியுடன் முதல் நாளே பேசி, எந்த வில்லில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். சிறுத்தையைத் தேடி விரைவதே பயணிகளின் விருப்பம் என்று சாரதிகள் எண்ணிப் பழகியிருப்பதால், இதனை முன்கூட்டிச் சொல்லாவிடில் நாள் முழுவதும் புழுதியிலேயே கழியும். வாசனைத் திரவியம், கொசுவர்த்தி, சுருட்டுப் புகை ஆகியவை அன்றைக்கு வேண்டா. போகும் வழியைப் போலவே திரும்பும் வழியும் முக்கியமானது. மான் புல்வெளிக்கு வந்து நிற்கும் வேளையில் இயந்திரத்தை முடுக்கி அதனைக் கலைத்துவிட்டால், மறுநாள் அவ்விடம் வெறுமையாயிருக்கும்.

பயிற்சிக்கு வில்பத்து வரை போக வேண்டியதில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறினால் நெடுந்தீவு. அங்கு அந்நியர் ஆட்சிக் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் மட்டக்குதிரைகளாக இன்றும் திறந்த வெளியில் திரிகின்றன. ஓர் ஆண்குதிரை தன் பெட்டைகளைச் சூழ்ந்து காப்பதையும், தலைமைக்கு வராத இளம் ஆண்குதிரைகள் தனிக் கூட்டமாக ஒதுங்கி மேய்வதையும், வற்றுங் காலத்தில் அவை எந்த நீரை நாடிச் செல்கின்றன என்பதையும் காற்று வீசும் பக்கம் அறிந்து தூரத்தே அமர்ந்து குறிப்பெடுத்தால், கூட்டத்தின் ஒழுங்கை வாசிக்கும் பழக்கம் கைவரும். குதிரைக்கு உணவு கொடுத்து அருகே அழைப்பது இப்பயிற்சியின் நோக்கத்தையே கெடுத்துவிடும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

இறுதியாக, கண்டதைக் காக்கும் கடமை. முதிர்ந்த கலை நிற்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் நாள், நேரத்துடன் பரப்புவது, கண்ணி வைக்கிறவர்களுக்கும் கட்டுத்துவக்குக் கட்டுகிறவர்களுக்கும் வழிகாட்டுவதாகும். கட்டுத்துவக்கு என்பது விலங்கு இடறியவுடன் தானே வெடிக்கும்படி பாதையிற் கட்டிவைக்கப்படும் துவக்கு, அது மானையும் மனிதரையும் வேறுபடுத்தி அறியாது. 2020 மே மாதம் மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியிற் சிக்கிய கருஞ்சிறுத்தை உயிரிழந்தது. பன்றிக்கென்று வைக்கும் கம்பியில் எவ்வுயிரும் மாட்டிக்கொள்ளும். கண்ணியையோ துவக்கையோ கண்டால் அதனைத் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விருந்தில் காட்டிறைச்சி பரிமாறப்படின், வைத்தவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும் அதனை மறுக்கும் உறுதி வேண்டும். வாங்குவோர் இல்லாத இடத்தில் வேட்டையும் நிலைக்காது.

ஒவ்வொரு பயணத்தின் பின்னும் காற்றுத் திசை, நீர்மட்டம், கண்ட விலங்கின் வயது மதிப்பீடு, கொம்பின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் அது ஒரு படத்தினும் மதிப்புடையதாகும். அக்குறிப்பேட்டின் பிரதியொன்றை ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு அளித்தால், அடுத்து வரும் பிள்ளைகள் கற்கத் தொடங்கும் இடம் மருமகன் நின்ற இடமாக அமையும். முதல் பயணத்தில் கலை தென்படாவிடினும் மனந்தளர வேண்டியதில்லை. காற்றைச் சரியாக வாசித்து, எவ்விலங்கையும் கலைக்காமல் போய்த் திரும்பிய நாள் நல்ல நாளாகவே கணக்கிடப்பட வேண்டும்.

இங்ஙனம்,
அன்புள்ள மாமா.