அதே 16 கிலோதான், ஆனால்…

நம்பிக்கை: மூன்று மாதமாக அதே குண்டைத்தான் தூக்குகிறேன். முன்னேற்றமே இல்லை.

உண்மை: கெட்டில்பெல் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. பார்பெல் என்றால் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ வட்டு மாட்டி மெல்ல மெல்ல ஏற்றலாம். வழக்கமான கெட்டில்பெல்லில் அந்த வசதி இல்லை. ரஷ்யாவில் பிறந்த இந்தக் குண்டுக்கு அந்த ஊரின் பழைய அளவான பூட்தான் கணக்கு. ஒரு பூட் ஏறக்குறைய 16 கிலோ, ஒன்றரை பூட் 24, இரண்டு பூட் 32. பல வகுப்புகளில் 16-ஐ விட்டால் அடுத்தது 24தான். ஒரே தாவலில் எடை பாதிக்குப் பாதி கூடிவிடுகிறது. அவசரப்பட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். ரஷ்யர்களின் கெட்டில்பெல் போட்டியிலும் எடையை ஏற்றிக்கொண்டே போவதில்லை. பிரிவுக்கு ஏற்ற எடையை வைத்துக்கொண்டு, கீழே வைக்காமல் 10 நிமிடத்தில் எத்தனை முறை தூக்குகிறார்கள் என்றுதான் எண்ணுவார்கள்.

ஆகவே மாற்றத்தை அதே குண்டில்தான் தேட வேண்டும். குண்டைக் கீழிருந்து தோளருகே கொண்டுவரும் கிளீனைப் பழகும் புதிதில் அது சுழன்று வந்து மணிக்கட்டுக்கு மேலே ணங்கென்று இடிக்கும், முன்கை கன்றிப்போகும். கை வளைந்து குண்டைச் சுற்றிப் போகப் பழகியதும் அந்த இடி நின்றுவிடும். குண்டை முன்னும் பின்னும் வீசும் ஸ்விங்கில் முதலில் எல்லோரும் குந்தி எழுந்து தோளால் இழுப்பார்கள். பிறகு இடுப்பு பின்னால் போய் வெடுக்கென்று முன்னால் வரும். கை கயிறு மாதிரி சும்மா தொங்கும். டர்கிஷ் கெட்-அப்புக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. மல்லாந்து படுத்து, உயர்த்திய முஷ்டியின் மேல் ஒரு ஷூவை நிறுத்தி, அது விழாமல் எழுந்து நிற்க வேண்டும். முதல் நாளில் ஷூ பெரும்பாலும் மூக்கின் மேல்தான் விழும்.

நம்பிக்கை: மறுநாள் உடம்பு வலித்தால்தான் பயிற்சி பலித்தது.

உண்மை: பழகாத வேலையைச் செய்ததற்கு அடையாளம்தான் அந்த வலி. அதே அசைவு பழகப் பழக வலி குறையும். ஒரு மாதம் மட்டம் போட்டுவிட்டு வந்தவர்தான் மறுநாள் மாடிப்படி இறங்கத் திணறுவார். கீழ்முதுகில் சுளீரென்றால் மட்டும் மாஸ்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள், அது வேறு சங்கதி. வலியைப் போலவே வியர்வையும் பயிற்சி பலித்ததற்கு அளவுகோல் இல்லை. சென்னையின் மே மாதத்தில் வாசலில் சும்மா நின்றாலே சட்டை நனைகிறது.

நம்பிக்கை: எடை மெஷினும் கண்ணாடியும் பொய் சொல்லாது.

உண்மை: பொய் சொல்லாது, ஆனால் தாமதமாகச் சொல்லும். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகளின் வேலை. இருக்கிற தசையையே உடம்பு நன்றாகப் பயன்படுத்தக் கற்கிறது. அது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

நம்பிக்கை: தேறினால் மாஸ்டரே சொல்லிவிடுவார்.

உண்மை: வகுப்பில் அவர் கண் முதலில் போவது, அடிபட்டுக்கொள்ளப் போகிறவர் மேல். சரியாகச் செய்பவரைக் கடந்து போய்விடுவார். போன மாதம் முழுக்க “முதுகு, முதுகு” என்று கத்தியவர் இப்போது வாய் திறக்கவில்லையென்றால் அதுவே நல்ல சேதி. மாஸ்டர்களுக்கும் ஒரு வார்த்தை: “சூப்பர்” என்பதை எல்லோருக்கும் பொதுவாக வீசாதீர்கள். “இன்று குண்டு மணிக்கட்டில் இடிக்கவில்லை, கவனித்தீர்களா?” என்று கேளுங்கள். அந்த ஆள் அடுத்த வகுப்புக்கும் வருவார்.