தபாலில் வந்த பாட்டுப் பெட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீடு அபார்ட்மென்ட் ஆகப்போகிறது என்றால் முதலில் காலியாவது பரண்தான். அண்டா, குண்டா, கொலுப்படிக்கட்டை எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியில் தடித்த அட்டைப் பெட்டிகளில் இசைத்தட்டுகள் இறங்கும். போன மாதம் பதினேழாவது கிராஸிலிருந்து ஒரு மாமி கூப்பிட்டார். அவர் கணவர் லண்டனில் படித்த காலத்தில் தபாலில் வரவழைத்த ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டிகள் இரண்டு இருந்தன. பெங்களூருக்கு வந்தபின் வி.பி.பி. தபாலில் வாங்கிய கேசட் தொகுப்புகள் ஏழெட்டு. அடியில் சில அரக்குத் தட்டுகள்.

“பேப்பர்காரன் கிலோ கணக்குல கேக்கறான். யாரோ வந்து பார்த்துட்டு, தபால்ல வித்ததெல்லாம் ரெண்டாந்தரம்னு சொல்லிட்டுப் போனான். நீ கேட்டுச் சொல்லுப்பா, எதாவது தேறுமா?”

இருபது வருடமாக இந்தத் தொகுப்புப் பெட்டிகளைச் சேர்த்து வருகிறேன். நல்ல ஒலிப்பதிவு எடைக்குப் போவதையும், மோசமான ஒன்று அட்டைப்பட அழகுக்காகப் பெரிய விலைக்குப் போவதையும் பலமுறை பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம், யாரும் சோதித்துப் பார்க்காமல் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட சில நம்பிக்கைகள்.

“தபாலில் விற்றது என்றாலே மட்டமான பதிவு”

இதைச் சொல்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சாட்சி ரெனே லைபோவிட்ஸ் நடத்திய பீத்தோவன் சிம்பொனிகள். ஒன்பதையும் 1961இல் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ரீடர்ஸ் டைஜஸ்ட் தன் தபால் சந்தாதாரர்களுக்காகவே பதிவு செய்தது. தயாரித்தவர் சார்லஸ் கெர்ஹார்ட். ஒலிப்பதிவு டெக்கா நிறுவனத்தின் கென்னத் வில்கின்சன். இடம் லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ டவுன் ஹால். வில்கின்சன் என்றால் ஒலிப்பதிவு உலகில் இன்றும் மரியாதையாகப் பேசும் பெயர். கடையில் அதிக விலைக்கு விற்ற டெக்கா தட்டுகளைப் பதிவு செய்த அதே கைதான் இந்தத் தபால் பெட்டிக்கும் மைக் வைத்தது. 1965இல் எர்ல் வைல்டு வாசித்த ரக்மானினாவ் பியானோ கான்செர்ட்டோக்களும் ரீடர்ஸ் டைஜஸ்டுக்காகப் பதிவானவைதான். பிற்காலத்தில் இவற்றைச் சிறப்பு ஒலிக்கென்றே பெயர்பெற்ற லேபிள்கள் தேடி எடுத்து மறுவெளியீடு செய்தன.

அதற்காகத் தபாலில் வந்ததெல்லாம் தங்கம் என்றும் இல்லை. கனடாவில் வினிபெக் நகரத்து ஃபிலிப் கைவ்ஸ் தொடங்கிய கே-டெல், 1966இல் 25 கன்ட்ரி பாடல்களை ஒரே தட்டில் அடக்கி டெலிவிஷன் விளம்பரத்தில் விற்றது. விற்பனை பிரமாதம். ஒலி வேறு கதை. எப்படி விற்றார்கள் என்பது ஒலியைப் பற்றி எதுவும் சொல்லாது. மூல நாடா எது, தட்டில் எவ்வளவு திணித்தார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் சொல்லும்.

“பாட்டு அதிகம் இருந்தால் லாபம்”

பன்னிரண்டு அங்குல எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை இசை தாராளமாக உட்காரும். முப்பது நிமிடம் திணிக்க வேண்டுமானால் தடங்களை நெருக்க வேண்டும். அகலமாக நெளியும் தடம் தாழ்ந்த ஒலிக்குத்தான் தேவை. ஆகவே முதலில் பலியாவது மிருதங்கத்தின் தொப்பி, அடுத்தது மொத்த ஒலியளவு. நாம் வால்யூமைக் கூட்டினால் தட்டின் கரகரப்பும் சேர்ந்தே கூடும்.

இன்னொன்றும் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்குக் கீழே ஓடும் தடத்தின் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. வெளி ஓரத்தில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ., லேபிள் பக்கம் வரும்போது சுமார் 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுதவேண்டி வருவதால் உச்ச ஒலிகள் அங்கே மங்கிச் சிதைகின்றன. தொகுப்புத் தட்டை வாங்குமுன் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். முதல் பாட்டை வைத்து யாரும் ஏமாறலாம்.

“ஸ்டீரியோ என்று அச்சிட்டிருந்தால் உசத்தி”

பாகவதர் காலத்துப் பாட்டும் 1950களின் படப்பாட்டும் மோனோவில் பதிவானவை. அவற்றின் தொகுப்பில் ‘ஸ்டீரியோ’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே பதிவின் உச்ச ஒலியை ஒரு ஸ்பீக்கருக்கும் தாழ்ந்த ஒலியை மற்றதற்கும் பிரித்து, கொஞ்சம் எதிரொலியும் சேர்த்துச் செய்த வேலையாக இருக்கலாம். உலகம் முழுக்க 1960களில் இதைச் செய்தார்கள். உண்மையான மோனோவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் ஒருவர் நின்று பாடுவதுபோலக் குரல் கேட்கும். பிரித்துச் செய்ததில் அந்த மனிதர் கரைந்துபோய் அறை முழுக்கப் பரவிக் கிடப்பார். பழம்பாட்டுத் தொகுப்பில் மோனோ கிடைத்தால் அதையே எடுப்பேன்.

“காதால் தரம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டும்”

வேண்டாம். தம்புராவும் மிருதங்கமும் போதும். இதைச் சொல்ல மல்லேஸ்வரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, ஏனென்றால் சர் சி.வி. ராமன் வாழ்ந்த ‘பஞ்சவடி’ இங்கேதான் இருக்கிறது. திருச்சிப் பக்கத்துக்காரரான அவர் 1933இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து பெங்களூர்வாசியானார். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு வாங்கும் முன்பே அவர் காது நம் வாத்தியங்களில் இருந்தது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் தோலின் அதிர்வுகளைச் சீராக்கி, ஸ்வரத்தோடு ஒத்துப்போகும் மேலொலிகளைத் தருகிறது என்று 1920இல் எழுதினார். 1921இல் தம்புரா, வீணையின் குதிரையைப் பற்றி எழுதினார். மீட்டிய இடத்தால் எழவே கூடாத மேலொலிகளும் வளைந்த குதிரையால் எழுகின்றன என்று காட்டினார்.

சேகரிப்பவருக்கு இதன் பயன் நேரடியானது. குதிரைமேல் தந்திக்கு அடியில் நூல் வைத்து ஜீவன் பிடித்த தம்புராவில் ஒரே தந்தி கீழிருந்து மேல்வரை ஏணிபோல மேலொலிகளை அள்ளி வீசுகிறது. பதிவில் உச்ச ஒலி செத்திருந்தால் தம்புரா வெறும் ‘ம்ம்’ என்று முனகும். நன்றாக இருந்தால் அந்த ரீங்காரம் மெல்ல விரிந்து சுருங்குவது காதில் விழும். ‘புதுப்பித்த பதிப்பு’ என்று விற்கும் சில சி.டி.க்களில் நாடாவின் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று இந்த ரீங்காரத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பின்னணி சுத்தமாக இருக்கும், சங்கீதத்தில் உயிர் இருக்காது. சி.டி. என்பதாலேயே எல்.பி.யைவிட மேல் என்பதும், எல்.பி. என்பதாலேயே மேல் என்பதும் ஒரே மாதிரித் தவறு.

தம்புரா இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். தட்டின் நடுத்துளை சற்று விலகியிருந்தால் சுருதி ஒவ்வொரு 1.8 விநாடிக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அது. துளை 1 மி.மீ. விலகியிருக்கிறது, ஊசி நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஓடுகிறது என்று வையுங்கள். சுருதி 1 சதவீதம் மேலும் 1 சதவீதம் கீழும் போகும். ஹார்மோனியத்தில், கருப்பும் வெள்ளையும் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை 100 பங்காக்கினால், இந்த ஆட்டம் மொத்தம் சுமார் 34 பங்கு. நம் 22 சுருதிக் கணக்கில் மிகச் சிறிய இடைவெளியான பிரமாண சுருதியே சுமார் 22 பங்குதான்! நாகஸ்வர ஆலாபனையில் இது கமகத்துக்குள் ஒளிந்துகொள்ளும், தம்புராவில் ஒளிய இடமில்லை. மேற்கத்தியத் தட்டானால் பியானோவில் நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்துக்கு ஒரு முன்தயாரிப்பு உண்டு. முதலில் நேரில் கேளுங்கள். சேவாசதன் அரங்கிலோ, ஏழு தந்தி வயலின்காரர் பெயரில் வயலின் வடிவிலேயே எழுந்திருக்கும் சௌடையா ஹாலிலோ முன் வரிசையில் ஒரு தனி ஆவர்த்தனம். தொப்பியின் கும்கி வயிற்றில் எப்படி இறங்குகிறது, வலந்தலையின் மீட்டு எப்படிப் பளிச்சென்று வெட்டுகிறது என்று காது ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டால் தீர்ப்பு தானாக வரும்.

“டால்பி போட்டால்தான் கேசட் நன்றாக இருக்கும்”

டால்பி முறையில் பதிவான நாடாவுக்கு மட்டும். அப்படிப் பதிவாகாத கேசட்டுக்கு அந்த பட்டனைப் போட்டால் ஒலி கம்பளி போர்த்தியதுபோல மங்கிவிடும். உறையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

“பட்டியலில் பாட்டு இருந்தால் அந்தப் பாடகர்தான்”

கல்லூரி நாட்களில் ஒரு கம்பெனியிடமிருந்து பழைய படப்பாட்டு கேசட் தொகுப்பை வி.பி.பி.யில் வரவழைத்தேன். வி.பி.பி.யில் பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்த பிறகுதான் பிரிக்க முடியும். பிரித்தேன், போட்டேன். மெட்டு அதே மெட்டு, வார்த்தை அதே வார்த்தை, குரல் மட்டும் யாரோ. அட்டையின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் விஷயம் இருந்தது. விளம்பரத்தில் இல்லை. ஒரு மாதச் செலவுக்காசு போனதைவிட, ஆசையோடு கூட உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் வாடியதுதான் இன்றும் மறக்கவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், உரிமத்தொகை கட்டி வேறு குரலில் மறுபதிவு செய்ய வழிவிட்டது. ஆகவே அது சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவரிடம் பெரிய எழுத்தில் சொல்லாதது அநியாயம். பாடகர் பெயரோடு பதிவான ஆண்டும் முதல் வெளியீட்டு விவரமும் அச்சிட்ட தொகுப்பை நம்பலாம். வெறும் பாட்டுப் பட்டியலை நம்பாதீர்கள்.

“ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் எந்தத் தட்டும் பளிச்”

78 சுற்றுத் தட்டில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அது அரக்கு. ஆல்கஹாலில் அரக்கு கரையும். மரவேலைக்காரர் பாலிஷ் செய்ய அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார். ஒரு துடைப்பில் தடங்கள் மழுங்கி, பாட்டு நிரந்தரமாகப் போய்விடும். துளி சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய துணி, லேபிள் நனையாமல், அவ்வளவே. எந்தத் தட்டானாலும் படுக்க வைத்து அடுக்காதீர்கள். புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். பரண் வெயிலில் படுத்துக் கிடக்கும் வினைல் வளைந்துவிடும்.

மாமி வீட்டுப் பெட்டிகளை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். இரண்டாவது பெட்டியில் ஒரே ஒரு தட்டுக்கு நடுத்துளை விலகல். மற்றதெல்லாம் சுத்தம். கேசட்டுகளில் மூன்று தேறின, மற்றவற்றில் நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளே இருந்த குறிப்புப் புத்தகங்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். எந்த ஹாலில், யார் பதிவு செய்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில்தான்.

கடைசி நாள் பீத்தோவனின் ஏழாவதில் இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. ஊஞ்சலில் இருந்த மாமி ஆடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இது ஞாயித்துக்கெழம காத்தால அவர் போடறது. இத்தனை வாத்தியம் இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் சமையலறைல இருப்பேன்.”

தட்டு முடிந்ததும் எழுந்துபோய் பேப்பர்காரருக்கு போன் செய்தார். செய்தித்தாளும் காலி அட்டைப் பெட்டிகளும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்றார்.