இருக்கைப் பட்டையும் இயக்க விதியும்

இயக்க விதிகள் மூன்றையும் ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்டார். அவை உயிர்காக்கும் கணக்கொன்றையும் நமக்குக் கற்பிக்கின்றன.

மணிக்கு 72 கிலோமீட்டர், அஃதாவது நொடிக்கு 20 மீட்டர் விரைவில் செல்லும் மகிழுந்து ஒன்று சுவரில் மோதி நிற்பதாகக் கொள்வோம். உந்து நின்றாலும் உள்ளிருப்பவர் நில்லார். முதல் விதியின்படி அவ்விரைவிலேயே முன்னோக்கிச் செல்வார். அவர் நிறை 60 கிலோகிராம் எனின், உந்தம் 60×20=1,200 அலகு. அது முழுதும் அழிந்தே தீரும். எத்துணை நேரத்தில் என்பதே வினா. இரண்டாம் விதியின்படி, உந்த மாற்றத்தை நேரத்தால் வகுப்பின் சராசரி விசை கிடைக்கும். முன்பலகையில் மோதி, நொடியின் நூற்றில் ஒரு பங்கில் நின்றால், விசை 1,20,000 நியூட்டன். எலும்பு தாங்குமோ? உந்தின் முன்புறம் நசுங்க, இருக்கைப் பட்டையும் சற்றே நெகிழ, அந்நேரம் பத்தில் ஒரு பங்காக நீளுமாயின் 12,000 நியூட்டனே. அதுவும் அவர் எடையைப்போல் இருபது மடங்கு! ஆதலின், பட்டை மார்பெலும்பிலும் இடுப்பெலும்பிலும் படிதல் வேண்டும். மெல்லிய வயிற்றின்மேல் அன்று. 1959-இல் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்சு போலின் அமைத்த மும்முனைப் பட்டை அத்தகையது.

தாயன்பு பெரிதுதான். ஆயினும், மடியிலுள்ள 10 கிலோகிராம் குழந்தையை அதே நேரத்தில் தடுத்து நிறுத்த அவள் கைகள் 2,000 நியூட்டன் விசை தருதல் வேண்டும். அஃது ஏறத்தாழ 200 கிலோகிராம் மூட்டையைத் தாங்குதற்கு ஒப்பாகும்.