கன்னிவாடியில் ஒரு சர்வதேச நிரலாக்கப் போட்டி

கேள்வி: கன்னிவாடியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் பழைய மாணவர்கள் சிலரோடு சேர்ந்து, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நிரலாக்கப் போட்டி வைத்தோம். ரெட்டியார்சத்திரம், செம்பட்டி, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். ஆனால் பாதிப் பேர் ஒரு கணக்குக்கும் விடை கண்டுபிடிக்க முடியாமல் பூஜ்யத்தோடு போனார்கள். இன்னொரு பக்கம், தப்பான நிரல் ஒன்றுக்கு முழு மதிப்பெண் விழுந்தது பிறகுதான் தெரிந்தது. பெற்றோர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நடுவில் கரண்ட் வேறு போனது. இப்போது யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் தங்கள் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து சர்வதேசப் போட்டி நடத்துவது சாத்தியமா? எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, கன்னிவாடி

பதில்: சாத்தியம்தான், டீச்சர். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசக் கணினி ஒலிம்பியாட்டே ஒரு சின்ன ஊரில்தான் தொடங்கியது. 1987-இல் பல்கேரியாவைச் சேர்ந்த பிளகோவெஸ்ட் செண்டோவ் அந்த யோசனையை யுனெஸ்கோவில் வைத்தார். 1989-இல் முதல் போட்டி பல்கேரியாவின் பிராவெட்ஸ் என்ற ஊரில் நடந்தது. அந்த நாட்டுக்கான கணினிகளைத் தயாரித்த ஆலை அங்கே இருந்தது. வந்தவை 13 நாடுகள். இன்று எண்பதுக்கும் மேல். அதனால் ஊரின் அளவை நினைத்துத் தயங்காதீர்கள்.

எனக்குக் கவலையாக இருப்பது நீங்கள் எழுதியிருக்கும் மற்ற இரண்டு விஷயங்கள். பூஜ்யத்தோடு போன பிள்ளைகளும், தப்பான நிரலுக்கு விழுந்த முழு மதிப்பெண்ணும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கேள்வித்தாளில் போதிய உழைப்பு இறங்கவில்லை. மேடை, பேனர், பரிசு, விருந்தினர் என்று ஓடுகிற ஓட்டத்தில் பெரும்பாலான போட்டிகளில் கேள்வி தயாரிப்பு கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதைச் சரிசெய்யாமல் யாழ்ப்பாணத்தையும் மலேசியாவையும் சேர்த்தால், அதே சண்டை மூன்று நாடுகளில் நடக்கும்.

முதலில் பூஜ்யம். நம் நாட்டில் இதற்கு அருமையான முன்மாதிரி இருக்கிறது. இந்தியக் கணினி ஒலிம்பியாட்டை இந்தியக் கணினி அறிவியல் ஆராய்ச்சிச் சங்கம் நடத்துகிறது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர்கள் அதன் முதுகெலும்பாக இருந்து வந்திருக்கிறார்கள். 2002-இல் தென்கொரியாவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாட்டிலிருந்து இந்திய அணி கலந்துகொள்கிறது. அந்த அணிக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில் பேனாவும் காகிதமும் கொண்டு எழுதும் ஒரு மண்டலத் தேர்வை வைத்தார்கள். கணினியே வேண்டாம். கேள்வி என்னவோ நிரலாக்கக் கேள்விதான், ஆனால் எட்டுப் பத்து எண்களைக் கொடுத்து, கையால் விடை கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வழியைக் கண்டுகொண்ட பிள்ளை விடையை எழுதிவிடும். பள்ளியில் நல்ல கணினி ஆய்வகம் இல்லாத காரணத்தால் ஒரு கூர்மையான மூளை வெளியே நின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். கன்னிவாடிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே உங்கள் போட்டியை இரண்டு சுற்றாக்குங்கள். முதல் சுற்று அந்தந்தப் பள்ளியிலேயே, காகிதத்தில். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எழுதலாம். 2018-இல் வரத் தொடங்கிய நம் புதிய பாடத்திட்டத்தில், கணக்குப் புத்தகத்திலேயே ‘தகவல் செயலாக்கம்’ என்று ஒரு இயல் இருக்கிறது. மர வரைபடம், ஃபிபனாச்சி எண்கள், பாய்வுப் படம், குறுகிய வழி கண்டுபிடிப்பது என்று பலவும் அதில் வருகின்றன. பரீட்சைக்கு இவ்வளவுதான் வரும் என்று பல வகுப்புகளில் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். வருத்தமான விஷயம். உங்கள் முதல் சுற்றுக்கு அந்த இயலே போதுமான அடித்தளம். 2004-இல் லிதுவேனியாவில் பேராசிரியர் வாலன்டீனா தாகியெனெ தொடங்கிய ‘பெப்ராஸ்’ போட்டியின் கேள்விகளையும் பாருங்கள். ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்தில் யோசித்து முடிக்கக்கூடிய குட்டிப் புதிர். முன்கூட்டி எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் சிஎஸ் பாடசாலா என்ற அமைப்பு தமிழ் உட்படப் பல மொழிகளில் அதை நடத்துகிறது.

இரண்டாம் சுற்றுதான் கணினியில். ஆளுக்கொரு கணினி கிடைக்கவில்லையே என்று யோசிக்காதீர்கள். கல்லூரி மாணவர்களுக்கான உலகப் போட்டியான ஐசிபிசியில் மூன்று பேர் கொண்ட அணிக்கு ஒரே ஒரு கணினிதான் தருகிறார்கள். ஐந்து மணி நேரம், ஒருவர் தட்டச்சு செய்ய, மற்ற இருவர் காகிதத்தில் யோசிப்பார்கள். பத்துக் கணினி இருந்தால் முப்பது பேர் உட்காரலாம். ஆனால் அந்தப் போட்டியின் மதிப்பெண் முறையைப் பின்பற்ற வேண்டாம். அங்கே ஒரு கணக்கு முழுதாகச் சரி, இல்லையென்றால் ஒன்றுமில்லை. முடிவில் சரியாகிற கணக்கிலும், அதற்கு முன் தப்பாக அனுப்பிய ஒவ்வொரு தடவைக்கும் இருபது நிமிடத் தண்டம் வேறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலிம்பியாட் வழிதான் நல்லது. அங்கே பகுதி மதிப்பெண் உண்டு.

இப்போது தப்பான நிரலுக்கு முழு மதிப்பெண் எப்படி விழுந்தது என்று பார்ப்போம். ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து ஒரு சின்ன வண்டி கிளம்புகிறது. 100 கிலோதான் ஏற்றலாம். மூட்டைகளைப் பிரிக்கக் கூடாது. அதிகபட்சம் எத்தனை கிலோ ஏற்ற முடியும்? பெரும்பாலான பிள்ளைகளுக்கு உடனே தோன்றுவது, ‘பெரிய மூட்டையை முதலில் ஏற்று, பிறகு அடுத்தது’ என்ற வழி. மூட்டைகள் 70, 30, 20 என்றால் இந்த வழி சரியாக 100 என்று சொல்லிவிடும். 60, 50, 50 என்றால்? அறுபதை ஏற்றிவிட்டு, இடமில்லாமல் நின்றுவிடும். சரியான விடை 100. நிரலைச் சரிபார்க்க நீங்கள் அதற்குக் கொடுக்கும் சோதனைத் தரவில் இரண்டாவது மாதிரியான மூட்டைகள் ஒரு தடவையாவது இல்லையென்றால், தப்பான நிரல் முழு மதிப்பெண்ணோடு வெளியே போகும். போன வருடம் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே கேள்வி எழுதுகிறவர் சரியான தீர்வோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் எந்தெந்த வழியில் தவறுவார்கள் என்று யோசித்து, அந்தத் தப்பான தீர்வுகளையும் அவரே எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சோதனையில் மாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கேள்வியைப் பார்த்திராத இன்னொருவர் தனியாக உட்கார்ந்து தீர்வு எழுத வேண்டும். இரண்டு பேர் விடையும் எல்லாத் தரவிலும் ஒத்துப்போனால்தான் கேள்வி தயார். ஒரு கேள்விக்கு இப்படி இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பிடிக்கட்டும். நாலு கேள்வி போதும். பத்து வேண்டாம்.

அதே மூட்டைக் கேள்வியில் பகுதி மதிப்பெண்ணை எப்படி வைப்பது? மூட்டை 15-க்குள் என்றால் ஏற்றக்கூடிய சேர்க்கைகள் 32,768. எல்லாவற்றையும் முயன்று பார்க்கும் எளிய நிரலே போதும். அதற்கு 40 மதிப்பெண் கொடுங்கள். 40 மூட்டை என்றால் சேர்க்கைகள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும், அந்த நிரல் திணறிவிடும். 100 மூட்டை, 10,000 கிலோ வண்டி என்று வைத்தால், ‘இத்தனை கிலோவைச் சரியாக ஏற்ற முடியுமா’ என்று பத்து லட்சம் கட்டங்கள் கொண்ட அட்டவணையை நிரப்பும் யோசனை தோன்ற வேண்டும். அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மீதி 60. ஒரே கேள்வியில் தொடக்கக்காரருக்கும் இடம் உண்டு, கெட்டிக்காரருக்கும் வேலை உண்டு.

இதில் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக மதிப்பெண் கொடுக்காதீர்கள். விடை ‘முடியும்’ அல்லது ‘முடியாது’ என்று இருக்கும் கேள்வியில், எதையும் யோசிக்காமல் எப்போதும் ‘முடியாது’ என்று அச்சிடும் நிரல் பாதி மதிப்பெண்ணை அள்ளிவிடும். சோதனைகளைக் கொத்தாகக் கட்டி, கொத்து முழுவதும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் என்று வையுங்கள். 2010-இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த சர்வதேச ஒலிம்பியாட்டில் கேள்விகளை இப்படி உட்பகுதிகளாகப் பிரித்தார்கள். இன்றுவரை அந்த முறைதான்.

திருத்துவதற்கு மென்பொருளை நீங்கள் எழுத வேண்டாம், வாங்கவும் வேண்டாம். இத்தாலிக்காரர்கள் உருவாக்கி, 2012-இல் அவர்கள் நாட்டில் நடந்த ஒலிம்பியாட்டில் பயன்படுத்திய ‘சிஎம்எஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் தெரிந்த பழைய மாணவர் ஒருவர் இருந்தால் நிறுவிவிடலாம். அதை ஒரு மடிக்கணினியில் போட்டு, ஆய்வகத்துக்குள் வயர் இழுத்து இணைத்துவிடுங்கள். இணையமே தேவைப்படாது. இணையம் இல்லையென்றால் செயற்கை நுண்ணறிவிடம் விடை கேட்கும் வழியும் அடைபட்டுவிடும். மடிக்கணினிக்கு பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் அனுப்பிய நிரல்கள் பத்திரமாக இருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று முன்கூட்டியே துணைமின் நிலையத்தில் கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள். எதற்கும் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குச் சொல்லி வையுங்கள். எத்தனை நிமிடம் போகிறதோ அத்தனை நிமிடம் எல்லாருக்கும் கூட்டித் தரப்படும் என்ற விதியை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். நடுவில் யோசித்து எடுக்கும் முடிவுதான் சண்டையாகிறது.

இனி வெளிநாடு. முதல் வருடம் இந்தியா, இலங்கை, மலேசியா, விரும்பினால் சிங்கப்பூர். அதோடு நிறுத்துங்கள். காரணம் கடிகாரம். நமக்குக் காலை 10 மணி என்றால் யாழ்ப்பாணத்திலும் 10, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் 12.30. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காரலாம். லண்டனும் டொராண்டோவும் வந்தால் அங்கே விடியற்காலையும் நள்ளிரவும் ஆகிவிடும். ஆளுக்கொரு நேரம் கொடுத்தால் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

வீட்டிலிருந்து எழுத அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பள்ளி, ஒரு பொறுப்பாசிரியர், அங்கேயும் இதே மென்பொருள். கேள்விகளைப் பூட்டிய கோப்பாக முந்தின நாள் அனுப்பிவிட்டு, கடவுச்சொல்லைத் தொடங்கும் நேரத்தில் சொல்லுங்கள். அங்கங்கே உள்ள கணினிகளின் வேகம் வேறுபடும். அதனால் எல்லா மையத்து நிரல்களையும் வாங்கி, கன்னிவாடியில் ஒரே கணினியில் மறுபடி ஓட்டி, அந்த மதிப்பெண்ணையே இறுதியாக அறிவியுங்கள். நம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸும் பன்னிரண்டில் பைத்தானும் படிக்கிறார்கள். இரண்டையும் அனுமதியுங்கள். பைத்தான் பல மடங்கு மெதுவாக ஓடும் என்பதால் அதற்கு நேர வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

கேள்வித்தாள் தமிழில் இருக்கட்டும், பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கட்டும். இலங்கையில் உயர்தரம் வரை தமிழில் படிக்கிறார்கள். மலேசியாவில் தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது, பிறகு மலாய் வழி. சிங்கப்பூரில் தொடக்கத்திலிருந்தே ஆங்கில வழி. சர்வதேச ஒலிம்பியாட்டில் அணித் தலைவர்கள் முந்தின நாள் கேள்வியைப் பார்த்து, இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் மொழியில் பெயர்ப்பார்கள். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் மொழியில் கேள்வியைப் படிக்கும். உங்களுக்கு அந்த அவசரம் வேண்டாம். யாழ்ப்பாண ஆசிரியர் ஒருவரும் மலேசிய ஆசிரியர் ஒருவரும் ஒரு மாதம் முன்பே வாசித்து, தங்கள் மாணவருக்குப் புரியாத வரிகளை அடையாளம் காட்டட்டும். கேள்வியைப் பார்த்தவர்கள் போட்டி முடியும்வரை மாணவருக்குப் பயிற்சி தரக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. கேள்வி தமிழில் இருந்தாலும், நிரலுக்குக் கொடுக்கும் உள்ளீடு எண்களாகவே இருக்கட்டும். ‘கன்னிவாடி’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானைக் கேட்டால் 9 என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியையும் மேல்விலங்கையும் காலையும் தனித்தனியாக எண்ணும். சி பிளஸ் பிளஸ் பைட்டுகளை எண்ணி 27 என்று சொல்லும். முதல் வருடமே இந்தச் சிக்கலில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் இதையே நல்ல கேள்வியாக்கலாம்.

பரிசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் மூன்று பேருக்கு மட்டும் ரொக்கம் என்று வைக்காதீர்கள். சர்வதேச ஒலிம்பியாட்டில் கலந்துகொள்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு. தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்ற விகிதத்தில். மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைக்கு ஒரு வெண்கலம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். பணத்தைப் பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் செலவிடுங்கள்.

முடிவை அன்றைக்கே அறிவிக்க அவசரப்படாதீர்கள். தற்காலிக மதிப்பெண்ணைக் கொடுத்து, மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள் விடுங்கள். அதோடு கேள்விகள், தீர்வுகள், சோதனைத் தரவு அனைத்தையும் வெளியிட்டுவிடுங்கள். தன் நிரல் எந்த மூட்டைகளிடம் தோற்றது என்று பிள்ளை தானே ஓட்டிப் பார்க்கலாம். பெற்றோரும் பார்க்கலாம். காந்திகிராமத்திலும் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் கணினித் துறைகள் இருக்கின்றன. போட்டிக்கு முன்பே தரவைச் சரிபார்க்க அங்கிருந்து மூத்த மாணவர்கள் இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள்.

தேதியை இலங்கையின் பரீட்சை அட்டவணையையும் நம் காலாண்டுத் தேர்வையும் பார்த்து வையுங்கள். பள்ளி ஆய்வகத்தைப் பயன்படுத்த முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்குங்கள். ஆனால் இந்த மாதமே தொடங்க வேண்டிய வேலை கேள்வி எழுதுவதுதான். நாலு கேள்விகளின் வரைவு தயாரானதும் இந்த இதழின் முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள், டீச்சர். தப்பான தீர்வுகளை நான் எழுதித் தருகிறேன்.